பட்டியலில் இல்லாத கருவாடு

என் அன்பு முத்துலட்சுமிக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. தேவதானப்பட்டியிலிருந்து நம் மகள் செல்வி வந்து என்னோடு இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுதுகிறேன். அவர்கள் வீட்டுச் சுவரிலும் நான் ஒட்டியதைப் போல ஒரு சாப்பாட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கலாம்.

போன வாரம் சாமை வாங்கக் கடமலைக்குண்டு சந்தைக்குப் போனேன். தானியக் கடை அம்மா என் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"வாத்தியாரய்யா, ஒத்தச் செருப்போட கெளம்பிட்டீக? இன்னொன்னு கோவிச்சுக்கிட்டு வீட்டுலயே இருந்துக்கிருச்சா?"

இடது கால் வெறுங்காலாக இருந்தது. முள் ஏறி ரத்தம் கசிந்திருந்தது. இரண்டுமே எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே உன் ஞாபகம் வந்தது. "ஏங்க, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்று எத்தனை முறை சொன்னாய்? முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் என்ன பதில் சொன்னேன்? "பழைய கழிவு வெளியேறுது, பொறுத்துக்க." ஏதோ இயற்கை உணவுக் கூட்டத்தில் கேட்டதை ஒப்பித்தேன்.

முன்னோர் சாப்பாடு என்று பட்டியல் போட்டவனும் நான்தான். திங்கள் வரகு, செவ்வாய் சாமை, புதன் குதிரைவாலி. கறி, மீன், முட்டை, கடைசியில் பால், மோர் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நீ தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்:

"எங்கய்யா கருவாடு இல்லாமக் கூழு குடிக்க மாட்டாக. ஆத்துல கெண்ட புடிச்சாக, நத்தை பெறக்குனாக. அவுக முன்னோரு இல்லையாக்கும்? கூழ எடுத்துக்கிட்டுத் தொட்டுக்கிட்டத விட்டுப்புட்டீகளே!"

நான் சிரித்து மழுப்பினேன்.

தேனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சிறுதானியத்த விட வேண்டாம் சார். ஆனா பி12 சத்து அதுல கெடையாது, அது கொறஞ்சுதான் கால் மரத்துப்போச்சு" என்று ஊசியும் மாத்திரையும் எழுதினார். ஆறு நாளாக அந்த மருந்து எதையும் நான் தொடவில்லை.

செல்வி கத்துகிறாள். "ஏப்பா, மாத்திர முன்னோரு திங்காததுன்னு பாக்குறீகளா? மூக்குல மாட்டிருக்கிற கண்ணாடி மட்டும் உங்க தாத்தா செஞ்சு குடுத்ததோ?"

பிடிவாதம் என்று நினைக்கிறாள். அதில்லை. என் கால் சரியாகிவிட்டால், உன் காலும் சரியாகியிருக்கும் என்றாகிவிடுமே. அதை எப்படித் தாங்குவேன்?

நீ கிணற்றடிப் படியில் விழுந்து இறந்ததைக் கேட்டவர்களிடமெல்லாம், "வழுக்கிவிட்டது" என்றேன். படி அன்று காய்ந்து கிடந்தது, லட்சுமி.

இன்று ஊசி போடப் போகிறேன். கிளம்புவதற்கு முன்பே, நீ கால் மரத்ததைச் சொன்னதையும், என் பதிலையும், அந்தக் காய்ந்த படியையும் செல்வியிடம் சொல்லிவிடுவேன். பிறகு என்று தள்ளினால், கால் சரியாகாத பட்சத்தில் சொல்லாமலே தப்பித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அடுக்களையில் அவள் சத்தம் கேட்கிறது. இதோ எழுந்திருக்கிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பேச்சைக் கேட்காத வீட்டுக்காரன்