பேச்சு இல்லாத பரீட்சை

பிப்ரவரி 6, 1983

காந்தி வீதி மாடியில் இன்று நான்காவது வகுப்பு. ஆறு பேரும் நர்சுகள். அமெரிக்க ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் ஜூனில் மெட்ராஸ் போய் இங்கிலீஷ் பரீட்சை எழுதித் தேற வேண்டும். எட்டு வருடமாக வார்டில் இங்கிலீஷில்தான் கேஸ் ஷீட் எழுதுகிறேன். அதெல்லாம் இங்கிலீஷே இல்லை என்கிறார் ஜானகிராமன் சார்.

இன்று 'வி' எழுத்து. மேல்பல் கீழ் உதட்டில் பட வேண்டுமாம். எனக்கு வரவில்லை என்று பக்கத்தில் வந்து, கட்டைவிரலால் என் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னார். விரலில் மூக்குப்பொடி நாற்றம். சொன்னேன். குட் என்றார். விரலை உடனே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளித்தேன்.

பிப்ரவரி 13

இன்றும். முதலில் ஜெயம், பிறகு நான். ஜெயம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 14

இவரிடம் சொன்னேன். மில்லில் ஆட்குறைப்பு செய்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். நான் முதலில் போய்ப் பிறகு இவரை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"சொல்லிக் குடுக்கற மனுஷன் தொட்டா என்னா இப்ப? ஜூன் வரைக்கும் பொறுத்துக்க தனம். காரியம் கெட்டுடப் போவுது."

காரியம். யாருடைய காரியம்? அந்த விரலைவிட இதுதான் அதிகம் குமட்டுகிறது.

பிப்ரவரி 27

எங்களில் மூத்தவர் அமிர்தவல்லி அக்கா. நாற்பத்தாறு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஹெட் என்பது அவர் வாயில் 'எட்' என்றுதான் வரும். சாரை 'முசே' என்று கூப்பிடுவார். அதை அந்த ஆள் நடித்துக் காட்டுவதும் நாங்கள் சிரிப்பதும் வழக்கம். ஆமாம், நானும்தான் சிரித்தேன்.

இன்று அக்காவின் மோவாயைப் பிடித்தார். அக்கா அவர் மணிக்கட்டை, நாடி பார்க்கிற மாதிரிப் பிடித்து, மேசைமேல் வைத்தார். குரல்கூட உயரவில்லை.

"வாய் என்னுது முசே. நீங்க சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன். கை வாணாம்."

அப்படியானால் நீ தேற மாட்டாய், வெளியே போகலாம் என்றார் சார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எங்களை ஒருமுறை பார்த்தார். ஐந்து பேரும் புத்தகத்தைப் பார்த்தோம். முப்பத்தோராம் பக்கம். ஒரு வார்த்தை படிக்கவில்லை. சே — நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 6

மறுபடியும் போனேன். இவர் சொல்லிப் போனேனா? இல்லை, என் காலால்தான் போனேன். இன்று கன்னத்தையும் தொட்டான். இனி அவனுக்கு மரியாதை போட்டு எழுதப்போவதில்லை.

மார்ச் 9

டியூட்டி முடிந்து வைத்திக்குப்பம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் எழுந்து வரவில்லை என்றேன். "தெரியும். திரும்பிப் பாத்தேன்ல" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

பிறகு ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வந்தார். பரீட்சை நடத்துகிறவர்கள் போட்டது. மெட்ராஸுக்கு எழுதி வரவழைத்திருக்கிறார். டேப்பில் கேட்டுப் பதில் குறிக்க வேண்டும். தப்பு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். படித்து விடை குறிக்க வேண்டும். எல்லாம் பென்சில் வேலை.

"பேசுறதே கெடையாது தனம் இதுல. முழுசாத் தேடிட்டேன்."

இரண்டு முறை படித்தேன். அந்தப் பரீட்சையில் நாங்கள் பேசி யாரும் கேட்கப்போவதே இல்லை. அப்புறம் அந்த விரல் எதற்கு?

பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓரமாக வாந்தி எடுத்தேன்.

மார்ச் 13

வகுப்புக்குப் போனேன். உட்காரவில்லை. அந்தப் புத்தகத்தை அவன் மேசைமேல் வைத்து, பேச்சுப் பரீட்சை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டேன். இரண்டு மாதத்தில் அங்கே நான் பேசிய முதல் முழு வாக்கியம்.

அது எக்ஸ்ட்ரா கோச்சிங் என்றான். ஜெயம் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு எழுந்தாள். மற்ற மூவரும் எழுந்தார்கள். படியில் இறங்கும்போது எல்லோருக்கும் ஒரே அசிங்கம்.

மார்ச் 15

வகுப்பை விட்டுவிட்டேன் என்றதிலிருந்து இவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. நிம்மதி.

ஏப்ரல் 20

அக்கா வீட்டில் நாங்கள் ஆறு பேரும். ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி. கேட்டது புரிந்ததா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். அக்காவின் 'எட்' அப்படியே இருக்கிறது. யாரும் சிரிப்பதில்லை.

ஜூன் 11

பரீட்சை முடிந்தது. மூன்று மணி நேரம், பென்சில் உரசுகிற சத்தம் மட்டும். வாயைத் திறக்கவே இல்லை. அவன் முகத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆகஸ்ட் 2

தேறிவிட்டேன். அக்காவுக்குக் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. என் கடிதத்தைக் கடைசிவரை படித்து, மடித்துக் கொடுத்தார். "நீ போ. நான் இன்னொரு தடவ எழுதறேன்" என்று சொல்லிவிட்டு மாலை டியூட்டிக்குப் போனார்.

இவர் தெருவில் லட்டு கொடுத்தார். தான் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒன்று எடுத்து வாயில் போட்டு, கொல்லையில் துப்பினேன்.

ஆகஸ்ட் 21

அமெரிக்காவிலிருந்து படிவம் வந்தது. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பலராமன் என்ற தன் பெயரை எழுத்துப் பிசகாமல் போடச் சொன்னார். உடன் வருபவர் என்ற இடம் வந்தது. கோடு போட்டேன்.

"என்னா எழுதின?"

"யாரும் இல்லன்னு எழுதினேன்."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மை காயும்வரை காத்திருந்து, உறையில் போட்டு ஒட்டினேன்.