எஃப் தட்டினால் அழிகிறது

உம்ம கீபோர்டில் எஃப், ஜி, ஆர், டி, வி என்று ஐந்து கட்டைகளில் எழுத்து தேய்ந்து மொட்டையாகக் கிடப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன் வே. மற்ற எழுத்தெல்லாம் பொங்கலுக்கு வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளிச்சென்று இருக்கின்றன. படம் வரைகிறவன் கீபோர்டில் கோடு போடுகிற எல்லும், நகர்த்துகிற எம்மும்தான் முதலில் தேயும். உம்முடையதில் அவை புதுக்கருக்கு மாறவில்லை.

நீர் போன பிறகு உம்ம நாற்காலி சும்மாதான் கிடந்தது. வீட்டுப் பிளான் வேலை குவிந்துவிட்டதால் போன வாரம் ஒரு பிள்ளையைச் சேர்த்து, இன்றைக்குத்தான் அதில் உட்காரச் சொன்னேன். பேர் கோமதி. கோமதி அம்மன் இருக்கிற இந்த ஊர் ஆபீஸுக்கு வேறென்ன பேரில் ஆள் வரும் என்று நீர் சிரிப்பீர். புளியங்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள். சூட்டிகையான பிள்ளை. அதுதான் இன்றைக்குக் காலையில் கூப்பாடு போட்டது.

“அண்ணாச்சி, இங்கன வாங்களேன். மூலையைச் சேக்கலாம்னு எஃப் அடிச்சேன். செவரு ரெண்டையும் காணோம்!”

படித்துவிட்டு வருகிற எல்லோருக்கும் எஃப் என்றால் ஃபில்லட். தட்டிவிட்டு இரண்டு கோட்டைத் தொட்டால் அவை மூலையில் சேரவேண்டும். சேரவில்லையே என்று அவள் என்டரையும் தட்டியிருக்கிறாள், சுவரே போய்விட்டது. அறைக்குப் பேர் எழுத டி தட்டினால் கோட்டை வெட்டுகிறதாம். “வைரஸ் ஏறிட்டோ என்னமோ அண்ணாச்சி. சாஃப்ட்வேர அழிச்சுட்டுப் புதுசா ஏத்திருவமா?” என்றாள்.

நானும் என் பங்குக்கு அணைத்துப் போட்டேன். மவுஸை மாற்றினேன். கரண்ட் ஏற்ற இறக்கத்தைத் திட்டினேன். அப்புறம்தான் உம்ம குரல் காதுக்குள் கேட்டது. கட்டளை ஏதாவது ஏறுக்குமாறாகப் போய் நான் கத்தும்போதெல்லாம், திரையின் அடியில் ஓடுகிற கமாண்ட் வரியைக் காட்டி நீர் சொல்வீரே: “மேல என்னத்தவே பாக்கீரு? கீழ பாரும். அது சொல்லிட்டுத்தான் செய்யுது.”

கீழே பார்த்தேன். எஃப் தட்டியதும் ‘எரேஸ்’ என்று வந்தது. டி தட்டியதும் ‘ட்ரிம்’. வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எந்த எழுத்துக்கு எந்தக் கட்டளை என்பதை நீர்தான் மாற்றி வைத்திருந்தீர்.

மாற்றியது எனக்குப் புது விஷயம் இல்லை, காலையில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். போன மாசியில் நீர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது உம்ம கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதே மாதிரி அவஸ்தைப்பட்டேன். மறுநாள் நீர் உள்ளே காலை வைக்கும் முன்னே பிடித்துக்கொண்டேன். “உம்ம மிஷின்ல நான் கைவைக்கக் கூடாதுன்னா நேரா சொல்லும்வே. பூட்டுப் போட்டமாதிரி எதுக்கு இந்த வேல?” நீர் சிரித்தீர். “பூட்டும் இல்ல, சாவியும் இல்ல. எனக்கு இப்ப இதுதான்வே வசதி.” நான் ‘வசதி’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டேன். ‘இப்ப’ என்றும் ஒரு வார்த்தை சொன்னீர். அதை நான் காதில் வாங்கவே இல்லை. படித்து முடித்த கையோடு நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த ஆபீஸில், அன்றைக்கு என் மேசையைத் திருப்பி உமக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டேன். என் வீம்பு உமக்குத் தெரியாததா?

“பழைய மாதிரி ஆக்கிரட்டா அண்ணாச்சி?” என்று கோமதி கேட்டாள். பொறு என்று சொல்லிவிட்டு நான் உம்ம நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கையில் மவுஸ், இடது கை கீபோர்டில். அழிக்க எஃப், வெட்ட டி, நகர்த்த ஜி, நகலெடுக்க வி, இணைகோட்டுக்கு ஆர். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். என் ஆட்காட்டி விரல் மட்டும்தான் அசைந்தது. கை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மற்ற விரல்களுக்கு அங்கே வேலையே இல்லை வே.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பைக்கில் கிளட்ச் பிடிக்க இடது கை வேண்டும். “கிளட்ச் வயரு ரொம்ப டைட்டா இருக்கு, நீரே ஓட்டும்” என்று நீர் பின்னால் ஏறிக்கொள்ள ஆரம்பித்தது அந்தத் தையில்தான். திருவேங்கடத்தில் கரிசல் மண்ணில் அஸ்திவாரம் பார்க்கப் போன அன்றைக்கு, “மாப்பிள்ளை ஊர்வலமாவே போறீரு? குடை பிடிக்க ஆள் வேணுமா?” என்று வழியெல்லாம் கேலி செய்தேன். அங்கே போய் டேப்பின் நுனியைப் பிடியும் என்றால் அது உம்ம கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. “ராத்திரி தூங்கலையோ?” என்று அதற்கும் ஒரு கேலி. மவுஸை விடாமலே இடது கையால் டீ குடிக்கிற நீர், அதை ஆறவிட்டு, மவுஸை விட்டுவிட்டு வலது கையால் எடுத்துக் குடித்தீர். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

மதியம் மதினிக்குப் போன் போட்டேன். உம்ம வீட்டுக்காரியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கித்தான் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்கள்: “ஆமா அண்ணாச்சி. எடது கை மரத்து மரத்துப் போகுதுன்னாவ. திருநவேலிக்குப் போயி காட்டுவோம்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். தபசு கழியட்டும்னாவ. உங்ககிட்டயாவது சொல்லுங்கன்னேன். ஏற்கெனவே கோவமா இருக்கான், இதச் சொன்னா எரக்கப்பட்டு வேலைய எல்லாம் அவனே இழுத்துப் போட்டுக்கிடுவான், வேண்டாம்னுட்டாவ.”

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து, ரத வீதிக் கடைகளைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை. அதற்குள் ஒரு பக்கம் இழுத்து விழுந்தீர். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. திடீரென்று போய்விட்டான் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கே போனீர்? மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறீர். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன்வே இப்படி மாத்தினீரு, கைக்கு என்ன? இதை ஒரு தரம் கேட்டிருந்தால் உம்மைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது பஸ் ஏற்றியிருப்பேன். உயிர் பிழைத்திருப்பீரோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காமல் இருந்தேனே, அது ஆறவே மாட்டேங்கிறது.

கோமதிக்குப் பழைய எழுத்துகளையே வைத்துக் கொடுத்துவிட்டேன். பாவம், அவள் படித்தபடி வேலை செய்யட்டும். உம்ம கீபோர்டை என் மேசைக்கு எடுத்துக்கொண்டு, உம்ம எழுத்துகளை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் நாலைந்து சுவரை அழித்துத் திரும்பக் கொண்டுவந்தாயிற்று. பழக நாளாகும். மேசையையும் பழையபடி திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது எதிரே இருப்பவர் முகம் தெரிகிறது.

டீ வந்தது. கோமதி ஒரு வாய் குடிக்குமுன் கிளாஸைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு இடது கையை உதறினாள்.

“என்ன பிள்ள, கையில என்ன? மரத்துப் போகுதா?”

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். “இல்ல அண்ணாச்சி, டீ சூடா இருக்கு.”

கிளாஸைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது வே.