முனை மேலே இருக்க வேண்டும்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, இப்போதா இதைப் பேசுவது என்று ஊரில் கேட்பார்கள். நீ இருந்தபோது பேசியிருந்தால், பெரிய டாக்டரைப் பார்த்துப் பொறாமை என்றிருப்பார்கள்.

நேற்று மதினி, உன் வீட்டுக்காரி, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தனுப்பியிருந்தாள். உன் அலமாரியில் இருந்ததாம். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு தக்கை. அதில் ஏழு ஊசிகள், முனை மேல்நோக்கி. இரண்டு நாள் முன்னால்தான் உன் மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். பால்ய நண்பர் என்ற முறையில் நான் நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

அந்த வருஷம் அருவிச் சீசனுக்கு நீ சென்னையிலிருந்து வந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தாய். நான் தென்காசியில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து மெல்லிய டங்ஸ்டன் கம்பிச் சுருளை எடுத்து மேசையில் வைத்தாய்.

“பூனை மூளைல ஒத்தச் செல்லு பேசுதத கேக்கணும்லே. அதுக்கு ஊசி வேணும். எங்க காலேஜ்ல ஒருத்தனுக்கும் கை வரல. நீதான் பொறுமக்காரன்.”

பொறுமைக்காரன். அந்த வார்த்தைக்கு மயங்கினேன். காஸ்டிக் சோடாக் கரைசலில் கம்பியை முக்கி, மின்சாரம் விட்டு, ஏற்றி இறக்கி, முனையைக் கரைத்துக் கூராக்கக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பை ஹெட்மாஸ்டருக்குத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூராக்குவது பெரிதல்ல, வார்னிஷ்தான் வதைத்தது. ஊசி முழுக்க வார்னிஷ் மூடியிருக்க வேண்டும், முனை மட்டும் திறந்திருக்க வேண்டும். முனையும் மூடிக்கொண்டால் ஊசி செவிடு. வேறெங்காவது விட்டுப்போனால் பக்கத்துச் செல்களின் சத்தமெல்லாம் கலந்து சந்தை இரைச்சல். நாம் ஊசிகளை முனை கீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு திரண்டு அப்படியே உறைந்தது. போதாததற்குச் சாரல் ஈரத்தில் வார்னிஷ் வெளுத்தது. என் மனைவி இஸ்திரிப் பெட்டியில் கனல் போட்டுக் கொடுத்தாள், அந்தச் சூட்டில் காயவைக்கச் சொல்லி. கொடுக்கும்போதே கேட்டாள்: “இந்த ஊசி தீட்டவா எம்.எஸ்ஸி. படிச்சிய? பொத்தான் தைக்கக்கூட ஆகாது போலுக்கு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரருவியில் கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றோம். நான் கையைத் தொங்கவிட்டிருந்தேன். விரல் நுனிகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நின்றது. கையைத் தூக்கினேன். எண்ணெய் முழங்கைக்கு வழிந்தது. நுனிகளில் ஒன்றுமில்லை.

“ஊசிய நட்டமா நிறுத்திக் காயவைக்கணும்லே. முனை மேல இருக்கணும்” என்றேன்.

“அருவிக்கு வந்துமா ஊசி? நடலே, பின்னால ஆளு நிக்காங்க” என்றாய்.

நான் குளிக்கவில்லை. எண்ணெய் உடம்போடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைச் சீட்டில் உட்காரவிடவில்லை, தென்காசி வரை நின்றுகொண்டே வந்தேன். மறுநாள் மாலை, நிமிர்த்திக் காயவைத்த ஊசியை உப்புத் தண்ணீரில் விட்டு மின்சாரம் கொடுத்தோம். முனையிலிருந்து மட்டும், நூல் மாதிரி ஒரு குமிழி வரிசை. வேறெங்கும் ஒன்றுகூட இல்லை. நீ என்னைக் கட்டிக்கொண்டாய். அது பொய்யில்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் பிறகு நடந்ததை இன்றுவரை செரிக்க முடியவில்லை.

கார்த்திகையில் என்னைச் சென்னைக்கு வரச் சொன்னாய். மயக்கத்தில் கிடந்த பூனையின் மூளைக்குள் என் ஊசி இறங்கியது. ஒலிபெருக்கியில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு அது விலகி, சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி ஒரே ஒரு செல் பொரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது உன் பேராசிரியர் உள்ளே வந்து, இவர் யார் என்று கேட்டார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: “ஊர்க்காரர் சார். சும்மா பாக்க வந்திருக்கார்.”

உன் கட்டுரை அச்சாகி வந்தது. ஊசியை நிமிர்த்திக் காயவைக்கும் முறை உன்னுடையது என்று இருந்தது. கடைசியில் பூனை பிடித்துத் தந்தவருக்கு நன்றி, படம் வரைந்தவருக்கு நன்றி. பூனை பிடித்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த சீசனில், அதே பேரருவி வரிசையில், உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய்.

“பேரு போட்டா என்னலே பண்ணப் போற? நீ என்ன டாக்டரா? பள்ளிக்கூடத்துல பிரமோஷன் குடுத்துருவானாக்கும்?”

அதன் பிறகு நான் உன்னிடம் பேசவில்லை. உன் பிள்ளை கல்யாணத்துக்கும் வரவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய ஆட்கள் மறப்பார்கள், அது ஒரு வியாதி, மன்னித்துவிடலாம் என்று. சில வருஷம் அப்படித்தான் தூங்கினேன்.

இன்று காலை டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. உன் சாய்ந்த கையெழுத்து. என் பெயர், இனிஷியலோடு. அதன் கீழே: ‘இவன் செய்தது. முனை மேலே இருக்க வேண்டும்.’

ஆக, நீ மறக்கவில்லை. யாரும் பார்க்காத டப்பாவுக்குள் என் பெயரை எழுத உனக்குக் கை வந்தது. நாலு பேர் படிக்கும் இடத்தில் வரவில்லை. மறந்திருந்தாய் என்றால் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க எனக்கு மனமில்லை, நீ போய்விட்டாய் என்பதற்காகக்கூட.

இப்போதும் எண்ணெய் தேய்த்தால் கையைத் தொங்கவிட மாட்டேன். தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மனைவி கேட்பதை விட்டுவிட்டாள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அதுவும் என்னுடையது.

இந்தக் கடிதம் உன் மலர்க்காரர்களுக்கு இன்றே தபாலில் போகிறது. கையெழுத்துப் போடப்போவதில்லை. பயமில்லை. அந்த அறையில் நான் சும்மா பார்க்க வந்த ஊர்க்காரன், அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். மூடியிலிருந்து அந்தச் சீட்டை மட்டும் ஈரத்துணி வைத்து உரித்து, கிழியாமல் இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். எழுதியது யார் என்று அவர்கள் தேடினால், என் பெயரை உன் கையெழுத்திலேயே படித்துக்கொள்ளட்டும்.