உப்பு பார்க்க ஒரு ஆள்

மார்கழி 8, செவ்வாய்

நல்ல பனி. மின்நிலையப் புகைக்கூண்டு தெரியவில்லை. அதன் தலையில் எரியும் சிவப்பு விளக்கு மட்டும் ஆகாயத்தில் தனியாக. கோலத்துக்குப் பூசணிப்பூ கிடைக்கவில்லை, செம்பருத்தி வைத்தேன். அவருக்கு முதல் ஷிப்ட். டப்பாவில் எலுமிச்சை சாதம், அப்பளம் தனியாக.

மந்தாரக்குப்பம் சமையற்கூடத்தில் இன்று இரண்டு அடுப்புதான் எரிந்தது. குவார்ட்டர்ஸில் வியாபாரம் கூடாது என்று நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த இடம். நான் சமையல், செல்வி அரைப்பது முதல் கழுவுவது வரை, நூர்ஜஹான் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது. தினப்படி ஆர்டர் ஒன்றுகூட இல்லை. கல்யாணம், காதுகுத்து வந்தால் உண்டு.

பயிற்சிக்கு வருபவர்கள் தங்கும் விடுதியின் பொறுப்பாளர் மேடம் கூடத்துக்கே வந்துவிட்டார். காலை டிபன் முழுக்க எங்களிடம் வாங்க விருப்பமாம். உட்காரச் சொல்வதற்குள் கேட்டார்:

"உங்க எஸ்.ஓ.பி. எங்கம்மா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். நூர்ஜஹான் வண்டிச் சாவியைப் பார்த்தாள்.

மேடம் சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. எந்த வேலைய யார் செய்றாங்க, எப்படி செய்றாங்க, தப்பு வந்தா என்ன செய்வீங்க, இத எழுதி வைக்கணும். அவ்வளவுதான். ஆனா செய்யாதத எழுதாதீங்க. அடுத்த செவ்வாய் விடுதிக்கு ஒரு வேளை சமைங்க, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

அடுத்த செவ்வாய் வைகுண்ட ஏகாதசி. எனக்கு விரதம். சரியென்று தலையாட்டினேன்.

அவர் போனதும் செல்வி, அண்டாவைத் தேய்த்தபடி, முகம் பார்க்காமல்: "இது கெடைக்கலன்னா பொங்கல் முடிஞ்சி திருப்பூர் போயிடுறேன்க்கா. எங்க பெரியக்கா கூப்ட்டுகினே இருக்குது. அது வூட்ல தங்கிகினு பனியன் கம்பெனிக்குப் போவலாமாம். எங்க வூட்டுக்காரரும் காண்ட்ராக்ட் வேல முடிஞ்சி சும்மாதான கீறாரு."

"பாப்பா?"

"அது இங்கதான், மாமியார்கிட்ட. நாலாவது படிக்குது. நடுவுல எப்டி இட்டுகினு போறது?"

முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸுக்கு ஓடினாள். மாலை விளக்கேற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பெருமாளே, அந்தக் குழந்தையையும் தாயையும் பிரிக்காதே.

மார்கழி 9, புதன்

மதியம் கை ஓய்ந்ததும் தேட உட்கார்ந்தேன். மகள் வேலைக்குப் போனபோது விட்டுப்போன லேப்டாப். சிறுதொழில் பயிற்சியில் ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள். இணையத்தில் தொழில் நடைமுறைகளுக்கென்றே ஒரு நூலகம். வேண்டியதை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். எல்லாம் ஆங்கிலம். பத்தாவதோடு நின்றவள் நான், மீதி செய்தித்தாளில் தானாகக் கற்றது. மெதுவாக வரும், ஆனால் வரும்.

வீட்டுக் கணக்கு மாதிரியே கோடு போட்டு எழுதினேன்.

தேடியது: இட்லி. கிடைத்தது: இல்லை.
சாம்பார்: இல்லை.
டிபன்: தொழிற்சாலையில் டிபன் இடைவேளைக்குப் போகுமுன் யாரிடம் சொல்ல வேண்டும்.
மீதி: தையல் கம்பெனியில் மீந்த துணியை என்ன செய்வது.
உப்பு: தோல் பதனிடும் இடத்தில் உப்பு மூட்டை அடுக்குவது.

இதை வைத்துக்கொண்டு விடுதிக்கு என்ன போடுவது? தோலா?

பிறகுதான் பக்கவாட்டில் வடிகட்டும் கட்டங்கள் கண்ணில் பட்டன. துறை, தொழிலின் அளவு, ஆவண வகை. 'உணவு', 'சிறியது', 'நடைமுறை' மூன்றிலும் டிக் போட்டேன். ரவையைச் சலித்தாற்போல் குப்பையெல்லாம் போயிற்று.

இன்று கற்றது: பண்டத்தின் பெயரைப் போட்டால் வராது. செய்கிற வேலையின் பெயரைப் போட வேண்டும். இட்லி என்றால் இல்லை, 'ஆவியில் வேகவைத்தல்' என்றால் இருக்கிறது. கை கழுவுவது, தண்ணீர், பாத்திரம், காய்கறி வாங்குவது எல்லாம் வரிசையாக வந்தன. சந்தோஷமாக இருந்தது. அரிசி களைய மறந்துவிட்டேன், இரவு உப்புமா.

மார்கழி 11, வெள்ளி

கோயிலில் பொங்கல் பிரசாதம், சூடு. நெய் கொஞ்சம் குறைச்சல், சாமி மன்னிக்கட்டும் இதை எழுதியதற்கு.

எடுத்ததையெல்லாம் தமிழில் எங்கள் கூடத்துக்குத் தக்கபடி எழுதிவந்தேன். பதினோராவது பக்கத்தில் நின்றுவிட்டேன். 'சமைத்தவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.'

நான் ருசி பார்ப்பதில்லை. கல்யாணமான நாள் முதல் இல்லை. முதல் கரண்டி சாமிக்கு; அதற்குமுன் என் வாயில் பட்டால் அது எச்சில். உப்பு கைக்குத் தெரியும், கொதி வாசனையில் தெரியும்.

'சமைத்தவர்: கோமதி' என்று எழுதினேன். படித்தேன். அடித்தேன். செய்யாததை எழுதாதீங்க என்றாரே மேடம்.

வேறு மாதிரி ஏதாவது இருக்காதா என்று தேடினேன். ருசி: எல்லாவற்றிலும் அதே வரி, சமைத்தவரே. ருசி பார்க்காமல்: பூஜ்யம். வாசனை: பூஜ்யம். விரதம்: பூஜ்யம். பூஜ்யம் என்று சொல்லும்போது அந்தப் பெட்டி ஒரு பூதக்கண்ணாடி படத்தை வேறு காட்டுகிறது, பரிகாசமாக.

கூடத்தில் சொன்னேன். நூர்ஜஹான்: "நோன்பு மாசத்துல நானும் வாயில வைக்க மாட்டேனேக்கா. அப்ப நானும் பொய்தான் எழுதணுமா?"

செல்விக்குச் சிரிப்பு. "ரெண்டு பேரும் சாமி கும்புட்டுகினே இருங்க. நான் தின்னுகினே இருக்கறேன்." அப்புறம் மெதுவாக: "பேசாம எழுதிடுங்கக்கா. அந்தம்மா வந்து உங்க நாக்கையா பாக்கப் போவுது?"

அவள் திருப்பூரை நினைத்துச் சொல்கிறாள், தெரிகிறது. அவளுக்காக ஒரு பொய் சொல்லலாம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை ஏகாதசி. அன்றைக்குக் கரண்டியை வாயில் வைத்து நடிக்க வேண்டும். முடியாது. முடியாதென்றால் இவள் போய்விடுவாள். சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது மனசு.

பால் கணக்கு தீர்த்தேன். கொத்தமல்லி வாங்கவில்லை.

மார்கழி 12, சனி

அவர் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் லேப்டாப்போடு.

"என்ன, சாமிகிட்ட கேக்குறதெல்லாம் இப்போ பெட்டிகிட்ட கேட்டுக்கிட்டிருக்க?"

விஷயத்தைச் சொன்னேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுதுபார்க்கும் பிரிவு அவருடையது. பல் குத்திக்கொண்டே சொன்னார்:

"பெல்ட்டுக்கு ஒட்டுப் போட்டவனே பெல்ட்ட ஓட்டலாம்னு சொல்ல மாட்டான் கோமதி. வேற ஒருத்தன் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். போட்டவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது."

"அது பெல்ட்டுங்க. இது சாம்பார்."

"ரெண்டும் நிக்காம ஓடணும், அவ்வளவுதான்."

வெடுக்கென்று உள்ளே போய்விட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. செய்தவர் வேறு, பார்ப்பவர் வேறு. ஈரக்கையோடு வந்து அதையே ஆங்கிலத்தில் அடித்தேன். பூஜ்யம்.

அப்போதுதான் பார்த்தேன், 'உணவு' என்ற கட்டத்தில் என் டிக். புதன்கிழமை நானே போட்டது. அன்றிலிருந்து நான் எதைக் கேட்டாலும் அந்தச் சல்லடைக்குள் விழுந்ததை மட்டும்தான் அது கொடுத்திருக்கிறது. ரவை சலிக்கும்போது மேலே தங்கியதைத் தூக்கியா எறிகிறோம்? அதில்தானே உப்புமா.

டிக்கை எடுத்தேன். மடை திறந்தாற்போல வந்தது. மருந்துக் கடை. பணம் எண்ணும் இடம். இயந்திரம் பழுதுபார்ப்பது. எனக்குப் பிடித்தது பெயிண்ட் ஆலை. 'நிறம் கலக்கியவர் நிறத்தைச் சரிபார்க்கக் கூடாது. சரிபார்ப்பவர் வேண்டாம் என்றால் சரக்கு வெளியே போகாது, யார் சொன்னாலும். அதைத் தனியே வைத்துச் சிவப்பு அடையாளம் இட வேண்டும். சரிசெய்தால் மறுபடி அவரே பார்க்க வேண்டும்.'

தனியாகச் சிரித்தேன். மூன்று வருடமாகத் தினமும் நான் செய்வது என்ன? முதல் கரண்டி சாமிக்கு. இரண்டாவது செல்வியின் உள்ளங்கையில். "பாரு" என்பேன். நக்கிவிட்டு, "உப்பு பத்தலக்கா" என்பாள், அல்லது தலையாட்டுவாள். அது ஒரு வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை. பெயிண்ட்காரர்கள் சொல்லவேண்டியிருந்தது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்கு அவர் பெருமை தாங்காது. காபி மட்டும் இரண்டாவது தடவை கேட்காமலே கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றார்.

மார்கழி 14, திங்கள்

செல்விக்குப் படித்துக் காட்டினேன். 'ருசி சோதிப்பவர்: செல்வி. இவர் வேண்டாம் என்றால் பாத்திரம் வெளியே போகாது.'

கையிலிருந்த கொத்தமல்லி கீழே விழுந்தது. "நானா? அய்ய, வேணாங்க்கா. நீங்க பெரியவங்க. உங்க சாம்பாரப் போயி நல்லால்லன்னு எழுதி வெப்பாங்களா?"

"தெனமும் வாயால சொல்றியே."

"வாயால சொல்றது வேற. எழுதுனா இருந்துகினே இருக்குமே."

நூர்ஜஹான்: "ஏய், ஆபீசர் ஆயிட்டடி. சம்மதிச்சுக்கோ."

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "நான் சொன்னா நீங்க கோச்சிக்கக் கூடாது. அதையும் எழுதுங்க."

பதினோராவது பக்கத்திலேயே எழுதினேன். 'சோதிப்பவர் சொல்வதற்குச் சமைத்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.' அவ்வளவு பெரிய நூலகத்தில் இந்த ஒரு வரி மட்டும் இல்லை.

நாளைக்கு: புளி ஊறவைக்க. உப்பை முன்கூட்டியே நிறுத்துக் கிண்ணத்தில் வைக்க (பக்கம் 6). சிவப்புத் துணி. தலைமுடிக்கு வலை. வாழைக்காய் வேண்டாம்.

மார்கழி 15, செவ்வாய். ஏகாதசி

விடியுமுன் சொர்க்கவாசல். கூட்டத்தில் ஒரு செருப்பு போயிற்று, இன்னொன்றையும் விட்டுவிட்டு வந்தேன். வாயில் துளசித் தீர்த்தம் மட்டும்.

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்து ஓரமாக நின்றார். இட்லி நன்றாக வந்தது. சட்னி சரி. சாம்பார் கொதித்தது. கிண்ணத்து உப்பைப் போட்டேன். மூடினேன். சாமிக்கு எடுத்துவைத்துவிட்டு, செல்வியின் உள்ளங்கையில் ஒரு கரண்டி விட்டேன்.

நக்கினாள். முகம் மாறியது. என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். விடுதிக்குப் போகவேண்டிய சாம்பார். அவள் பிழைப்பே அதற்குள்தான் இருந்தது. சும்மா தலையாட்டியிருக்கலாம்.

"அக்கா, இது வெளிய போவாதுக்கா."

திரும்பினால், உப்பு டப்பா திறந்தே கிடந்தது. பிறகுதான் புரிந்தது. கிண்ணத்து உப்பைப் போடுவதற்கு முன்னாலேயே, வழக்கம்போல, என் கை டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறது. காகிதம் ஒரு தடவை, கை ஒரு தடவை.

கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால். ஒரு நொடி. பதினோராவது பக்கம் நினைவுக்கு வந்தது.

செல்வி சிவப்புத் துணியை அண்டாவின் காதில் கட்டினாள். மேடம் கிட்டே வந்தார். "எனக்கும் ஒரு ஸ்பூன் கொடுங்க." வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மாடி! யார் போட்டது இவ்வளவு உப்பு?"

"நான்தாங்க."

"நீங்க ருசி பாக்கலையா?"

"இன்னிக்கு ஏகாதசிங்க. மத்த நாளும் பாக்கறதில்ல. அதுக்குத்தான் செல்வி."

மேடம் காகிதத்தைப் புரட்டினார். நான் பாதிச் சாம்பாரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஒதுக்கிவைத்தேன். அண்டாவில் மீந்ததில், உப்பில்லாமல் வேகவைத்திருந்த பருப்பையும் புளித்தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். மறுபடி செல்வி. இந்தத் தடவை நிதானமாக நக்கினாள், அவசரமே இல்லாமல், நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்திருக்க. பிறகு துணியை அவிழ்த்தாள். கையெழுத்துப் போட்டாள், பெரிய பெரிய எழுத்தில்.

விடுதிக்குப் போகத் தாமதம். நூர்ஜஹான் போன வேகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மேடம், "பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

செல்வி அண்டா பக்கத்தில் குந்தி அழுதாள். "வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்க்கா. நானே கெடுத்துட்டேன்."

"கெடுத்தது என் கை" என்றேன். "நீ காப்பாத்தின."

அவள் நம்பவில்லை. பஸ்ஸுக்கு ஓடாமல் மெதுவாக நடந்து போனாள். ஏகாதசிக்கு நான் கண்விழிக்க வேண்டிய இரவு. வேறு காரணமே தேவையில்லை.

மார்கழி 16, புதன். துவாதசி

பனி விலகி வெயில். வீட்டில் சாமிக்குப் படைத்துவிட்டு, விரதம் முடிக்கும் பாரணைக்கு அகத்திக்கீரையைக் கூடத்திலேயே வதக்கினேன், செல்வியும் சாப்பிடட்டுமென்று. கண் வீங்கி வந்திருந்தாள்.

கீரை அடுப்பில் இருக்கும்போது போன். மேடத்தின் செய்தி. உரக்கப் படித்தேன்: தை பிறந்ததும் காலை டிபன் தொடங்கலாம், முதலில் மூன்று மாதம். ஒரு குறை: செல்வி வராத நாளில் யார் ருசி பார்ப்பார் என்று எழுதவில்லை. அதைச் சேர்க்கவும்.

நூர்ஜஹான் ஹார்னை அடித்தாள், நின்ற வண்டியில்.

செல்வி: "நான் வராத நாளா? அப்டி ஒரு நாள் இல்லன்னு எழுதுங்கக்கா."

"செய்யாதத எழுதக் கூடாது."

"அப்ப நூர்ஜஹான் பேரப் போடுங்க. நோன்பு மாசத்துல மட்டும் எனக்கு ஜொரமே வராது."

வெளியே போய்த் திருப்பூருக்குப் பேசினாள். ஜன்னல் வழியாகக் கேட்டது. "இல்லக்கா, வர்ல. பாப்பாவ உட்டுட்டு எங்க வர்றது? எனக்கு இங்கியே வேல கீது. என்ன வேலயா? சொன்னா சிரிப்ப. போய்ட்டு வேலயப் பாரு."

முகம் கழுவிக்கொண்டு வந்து உள்ளங்கையை நீட்டினாள். கீரை கொஞ்சம் வைத்தேன். மென்றாள். மேலே பார்த்தாள்.

"உப்பு பத்தலக்கா. இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?"

சாப்பிட்டபோது தெரிந்தது, பத்தவில்லைதான். நேற்றைய பயம் கையில் இருந்திருக்கிறது.