கேட்டதற்கு மட்டும் பதில்

மார்ச் 4

தொண்டை கட்டியிருக்கிறது. வாரப் பாடத்துக்கு இன்னும் குறிப்பு எடுக்கவில்லை. பிரார்த்தனை மண்டபத்தில் ஒலிபெருக்கி மறுபடி கரகரக்க, லிஃப்ட் மெக்கானிக் வந்து சரி பண்ணிக் கொடுத்தார். இந்த மாதிரி வேலையெல்லாம் அவர்தான் செய்து தருகிறார். அவருடைய இரண்டு பெண்களும் என் வேத வகுப்பில்தான் படிக்கிறார்கள்.

வேலை முடிந்தும் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டு, தெரிஞ்ச ஒண்ணச் சொல்லாம விட்டா அது பாவமா?"

நாளை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மார்ச் 5

வந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

போன வருடம் துணிக்கிடங்கில் துப்புரவு வேலை பார்த்த பெண் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனாளே, அந்த வழக்கு. லிஃப்ட் ஓட்டுகிறவர் சாவி போட்டு நெம்பிக் கதவைத் திறந்துவைத்தார் என்று அவர்மேல் கேஸ். அவர் இல்லவே இல்லை என்கிறார்.

இல்லைதான். கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும், அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டாம். அது பழுது. சரக்கு ஏற்ற வேண்டும் என்று மானேஜர் உயிரை எடுக்க, இவர் ஒரு சாண் வயரைக் கட்டி, கதவு திறந்திருந்தாலும் ஓடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று. மறுநாள் காலை இவர் போய்ச் சேருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். போலீஸ் வருமுன் வயரைப் பிடுங்கிவிட்டுப் புது சுவிட்ச் போட்டிருக்கிறார்.

"நான் உள்ள போயிட்டா என் பிள்ளைங்க தெருவுல நிக்கும் ஐயா."

அழுதார். நாற்பத்தைந்து வயது ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நான் சொன்னது இது: பொய் சொல்லாதீர்கள், ஒரு சொல்கூட. வேதம் விலக்குவது பொய்ச்சாட்சியை. கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காததை வலியப் போய்ச் சொல்லும்படி கட்டளை இல்லை. மௌனம் வேறு, பொய் வேறு. உரையாசிரியர்கள் இரண்டு பேரை மேற்கோள் காட்டினேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது தோன்றியது.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "அதே புஸ்தகத்துல, பார்த்ததை மறைக்கிற சாட்சியும் குற்றத்துல பங்காளின்னு வருமே. அந்தப் பக்கத்தை ஏன் தாண்டிட்டீங்க?"

நேரம் ஆகிவிட்டது என்றேன். நேரம் நிறைய இருந்தது.

மார்ச் 14

கோர்ட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன்? தெரியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மெக்கானிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். அரசு வக்கீல் கேட்டார். "போலீஸ் முன்னிலையில் சோதித்தபோது சுவிட்ச் எப்படி இருந்தது?" "நல்லா வேலை செஞ்சதுங்க." "அது வேலை செய்யும்போது, கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகருமா?" "நகராதுங்க." "அப்படியென்றால் கதவு எப்படித் திறந்தது?" "சாவி இருந்தா திறக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு பொய் கிடையாது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடி.

லிஃப்ட் ஓட்டுகிறவர் அந்தப் பக்கம் நின்றார். சின்ன உருவம், பெரிய அளவுச் சட்டை. கேட்பதெல்லாம் புரிகிற மாதிரி ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 15

தூக்கமில்லை.

மார்ச் 22

பிரார்த்தனை முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு பெண் வந்தாள். லிஃப்ட் ஓட்டுகிறவரின் மனைவி. எங்கள் மண்டபத்துக்கு வருகிறவள் இல்லை. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"உண்மை வெளிய வரணும்னு வேண்டிக்கங்க ஐயா. அவரு எறும்பை மிதிக்கக்கூட யோசிப்பாரு."

வேண்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டு, அவள் எதிரிலேயே. முடித்ததும் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

சீ.

ஏப்ரல் 3

இன்று வந்தவர் ஒரு மரக்கடைக்காரர். அண்ணன் தம்பி வழக்காம், அடுத்த வாரம் சாட்சி சொல்ல வேண்டுமாம். "கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்துட்டுப் போனா நல்லதுன்னு மெக்கானிக் சொன்னாரு. பொய்யும் சொல்லக்கூடாது, மாட்டிக்கவும் கூடாது, அதுக்கு வழி இருக்காமே?"

ஒரு மாதத்துக்குள் இவர் இரண்டாவது ஆள். முதலில் வந்தவள் விவாகரத்து கேஸ்.

உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டேன். மனைவி சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "போர்டு மாட்டிடலாமா வாசல்ல?"

ஏப்ரல் 9

மெக்கானிக் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். கட்டட மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறை. கிரீஸ் வாடை, காதைப் பிளக்கிற சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் மோட்டாரை நிறுத்தினார்.

நான் சொன்னது தவறு, முழுதும் சொல்லவில்லை, போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். தாண்டிய பக்கத்தை வாசித்தும் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஐயா, அன்னைக்கு நீங்க பாவமில்லைன்னு சொன்னப்புறம்தான் எனக்குச் சோறே இறங்கிச்சு. இப்ப வந்து மாத்துறீங்களே. வேதம் மாறிடுச்சா, இல்ல நீங்க மாறிட்டீங்களா?"

"நான் மறைச்சுட்டேன்."

"அப்ப அது உங்க பாவம். என்னோடது இல்ல."

மோட்டாரை மறுபடி ஓடவிட்டார்.

ஏப்ரல் 16

நம்பி வீட்டுக்கு வந்து சொன்ன ஒருவனைக் காட்டிக்கொடுப்பதா? ஒரு வாரமாக இதையே மென்றுகொண்டிருக்கிறேன். நம்பிக்கையைக் காப்பாற்றுகிறேன் என்கிறேனே, யாருடையதை? லிஃப்ட் ஓட்டுகிறவரின் மனைவியும் நம்பித்தானே வந்தாள். செத்துப்போனவளுக்கு யார் வந்து பேசுவார்கள்?

இதிலும் எனக்குள் ஒரு வாதம், எதிர்வாதம். வாதம் செய்யத்தானே தெரியும் எனக்கு.

ஏப்ரல் 17

லிஃப்ட் ஓட்டுகிறவரின் வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த யோசனையையும் சேர்த்து. வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவர் உங்ககிட்ட சொன்னதை நீங்க சொன்னா கோர்ட்டுல எடுபடாது. அவரையே மறுபடி கூப்பிட்டு நேரா கேட்டாத்தான் உண்டு. இதை ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்கே கேட்டிருப்பேனே."

மே 8

மெக்கானிக்கை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். இந்த முறை நேரான கேள்வி. "விபத்துக்கு முந்தின நாள் அந்த சுவிட்சில் வயர் கட்டினீர்களா?"

அவர் கண்கள் என்னைத் தேடின. கடைசி பெஞ்சில் கண்டுபிடித்தார்.

"இல்லைங்க."

"வேதப் பாடம் நடத்துகிறவரிடம் அப்படிச் சொன்னீர்களா?"

"இல்லைங்க. அவரு எதுக்கு இப்படிச் சொல்றாருன்னு தெரியல."

முழுப் பொய். சத்தியம் செய்துவிட்டு. மௌனத்திலிருந்து பொய்க்கு எவ்வளவு தூரம் என்று மார்ச் மாதம் அவ்வளவு விளக்கினேன். பக்கத்துப் படிதான். ஏற்றிவிட்டதே நான்.

மானேஜரும் வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்.

மே 12

மெக்கானிக்கின் பெண்கள் வகுப்புக்கு வரவில்லை. இனி வரமாட்டார்கள்.

ஜூன் 19

தீர்ப்பு. லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு இரண்டு ஆண்டு.

தீர்ப்பு வாசிக்கும்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் வந்து, "எப்ப வீட்டுக்கு விடுவாங்க?" என்றாள்.

ஜூலை 2

மண்டபத்துக் குழு கூடியது. மரியாதையாகத்தான் பேசினார்கள். நம்பிச் சொன்னதை வெளியே சொல்கிற ஆளிடம் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். நான் கொடுத்த யோசனை தவறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்காக என்னை நீக்கியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

மண்டபச் சாவியை ஒப்படைத்துவிட்டேன். மனைவி புத்தகங்களை மூட்டை கட்ட உதவினாள். என் தட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டாள்.

ஆகஸ்ட் 21

சிறைக்குப் போனேன். மேல்முறையீட்டு மனுவுக்கு லிஃப்ட் ஓட்டுகிறவரின் வாயால் விவரம் கேட்டு எழுதி வரும்படி வக்கீல் சொல்லியிருந்தார். அவர் மனைவியும் வந்தாள், ஆனால் இன்று ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர். சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்தது என்று தாளை மடிக்கப் போனேன்.

"இன்னொண்ணு இருக்கு. அன்னைக்கு நான் லிஃப்ட்டுகிட்ட இல்ல. நாலாவது மாடில கதவைத் திறந்தபடியே போட்டுட்டு படிக்கட்டுக்குப் போனேன், போன் பேச. அந்த நேரம் கீழ யாரோ பட்டனை அமுக்க, கதவு திறந்தபடியே லிஃப்ட் கீழ போயிடுச்சு. இதைச் சொன்னா கேஸ் கெட்டுடும்னு ஆரம்பத்துல இருந்த வேற வக்கீல் தடுத்துட்டாரு. நானும் விட்டுட்டேன்."

"யார் கூப்பிட்டாங்க?"

"என் சம்சாரந்தான். சும்மா, சாப்பிட்டீங்களான்னு கேக்க. அந்த நேரந்தான்னு அவளுக்குத் தெரியாது." வலையில் விரலைக் கோத்துக்கொண்டார். "அதுக்குத்தான் நானும் சொல்லாம இருந்தேன். ஆனா செத்துப்போன அந்தம்மாவுக்கு ஒரு மகன் இருக்கான் ஐயா. தினமும் அதான் ஞாபகம் வருது. எழுதிக்குங்க."

இது உங்களுக்கே பாதகமாகலாம் என்றேன். என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"பரவால்ல. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வராது."

எழுதினேன். வலைக்கு அடியில் தாளைத் தள்ளினேன், கையெழுத்துப் போட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஒன்றையும் தாண்டவில்லை.

இரண்டு பஸ் போனது. மூன்றாவது வந்தபோது அவளே எழுந்தாள். "அந்தம்மா மகன் எங்க இருக்கான்னு தெரியுமா ஐயா?" என்று கேட்டாள்.