மாரீஸ்வரி ஏன் ஒரே குக்கரில் சமைக்கிறாள்?

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று ராத்திரியும் குக்கர் சாதம். அரிசி, பருப்பு, தக்காளி எல்லாம் ஒன்றாகக் கிடந்து வெந்திருந்தன. தொட்டுக்கொள்ள அப்பளம். கல்யாணமான நாள் முதல் ராத்திரிக்குக் குழம்பும் ரசமும் பொரியலும் இல்லாமல் மாரீஸ்வரி தட்டு வைத்ததில்லை. என்ன காரணம் என்று கேட்டேன்.

"வயசாகுதுல்ல, இது போதும்."

யாருக்கு வயசாகிறது? அவளுக்கா, எனக்கா? நான் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பொய் கேட்டே பழகிய காது இது.

ஜூன் 11, புதன்

சாம்பார் சாதம். வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை, பெருங்காயம் மட்டும் தூக்கல். நம் வீட்டில் வெங்காயம் இல்லாத சாம்பாரா! ஸ்ரீவில்லிபுத்தூரில் நாராயணி என்று ஓர் ஐயங்கார் வீட்டு அம்மாவாம், கோவிலில் பழக்கமாம், அவர் சொல்லிக்கொடுத்ததாம். ருசி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் ஆண்டாள் கோவிலுக்குப் போனதாகச் சொன்னாள். தலையில் பூ இல்லை, கையில் பிரசாதம் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

கறியும் குக்கருக்குள் போய்விட்டது. என்னை அடுப்பு முன்னால் நிறுத்திப் பாடம் வேறு.

"கறிய முன்னாடியே அஞ்சு விசில் விட்டுறணும். பொறவு அரிசி ஒரு டம்ளரு, தண்ணி ரெண்டு. கேக்கியளா?"

வெயிட்டை என் கையில் கொடுத்துப் போடச் சொன்னாள். இதெல்லாம் எனக்கு எதற்கு? அவள் தட்டில் கறி இரண்டே துண்டு. கோவில், ஐயங்கார் வீட்டுச் சமையல், இப்போது கறியும் குறைகிறது... மடம், பஜனை என்று வீட்டை விட்டே கிளம்பப் போகிறாளா? போகிறவள்தானே இப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள்? பயமாக இருக்கிறது. கேட்கவும் பயம்.

ஜூன் 18, புதன்

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கார்த்திகாவுக்குப் போன் போட்டேன். "அம்மாட்டயே கேளுங்கப்பா" என்று சிரித்தாள். இவளும் உடந்தை.

ஜூன் 20, வெள்ளி

பின்னாலேயே போய்விட்டேன். அவள் பஸ்ஸில் முன்வாசலில் ஏறினாள், நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசலில். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் இறங்கவில்லை. கிருஷ்ணன்கோவிலில் இறங்கி ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குள் போனாள். வாட்ச்மேன் என்னை மறித்தார்.

"இப்ப உள்ள போனாங்களே, யாரு அவங்க?" என்றேன்.

"புதுசா வாற மெஸ் மேடம். நாராயணி அம்மா வேலை பழக்கிவிடுதாவ. நீங்க யாரு? துண்ட எடுங்க, மூஞ்சியப் பாப்போம்."

நான் விசாரித்த காலம் போய் என்னை விசாரிக்கிறார்கள். அதற்குள் மாரீஸ்வரியே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வேவு பாக்க வந்தியளோ?"

"ஏட்டி, கோவிலுக்குன்னு சொல்லிட்டு..."

"வேலைன்னு சொன்னா விட்டிருப்பியளா? வாற ஒண்ணாந்தேதி சேரணும். வீடு வர ஒம்பது ஆகும். முன்னாடி ரெண்டு தடவ வேலை வந்தப்ப, ராத்திரிக்கு யாரு சமைக்கிறதுன்னு கேட்டே நிறுத்துனிய. அதான் குக்கர் சாதம் பழக்குனேன். வெங்காயம் உரிச்சா கண்ணக் கசக்கிட்டு நிப்பியன்னு அதையும் விட்டாச்சு. இப்பச் சொல்லுங்க, யாரு சமைக்கிறது?"

வாட்ச்மேனும் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நான்தான்" என்றேன். அவள் எங்கேயும் போய்விடவில்லை என்ற நிம்மதியில் வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் நாள். சாம்பார் சாதம் கஞ்சியாகிவிட்டது. இரண்டு பேரும் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம்.

ஜூலை 4, வெள்ளி

இன்று பதமாக வந்தது. வேலை முடிந்து வந்தவள் ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"கடையில வாங்குனியளா?"

"நான் செஞ்சதுட்டி."

நம்பவில்லை. எழுந்து போய்க் குப்பைக்கூடையில் பார்சல் கவர் கிடக்கிறதா என்று பார்த்தாள். பிறகு குக்கரைச் சாய்த்துக் கரண்டியால் சுரண்டினாள். அடி நன்றாகக் கருகியிருந்தது.

"சரி, நீங்கதான்" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.