வீட்டில் புருஷனைக் கேட்கட்டும்

1927 மே 1, ஞாயிறு

தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஜெபக்கூட்டம். போதகர் ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பன் என்று நான்தான் நடத்த வேண்டும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை போதாதென்று இது வேறு.

இன்று பால்மரம் வெட்டும் முத்தம்மா நடுவில் எழுந்து நின்றுவிட்டாள். "வெளிய சாக்குல குந்தியிருக்கவங்கள உள்ள கூப்பிடச் சொல்றாரு கர்த்தரு" என்றாள். வெளியே இருந்தவர்கள் ஊரிலிருந்து போன கப்பலில் வந்த குடும்பங்கள். அந்தச் சாதியாரோடு ஒரே பாயில் உட்கார மாட்டோம் என்று எங்கள் சபையார் முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்குச் சண்டை ஆகாது. "பொம்பள சபையில பேசக்கூடாது, உக்காரு" என்றேன். சந்தேகம் இருந்தால் வீட்டில் புருஷனைக் கேட்கட்டும் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியதை வாசித்தும் காட்டினேன். இன்னொரு தடவை பேசினால் போதகரிடம் சொல்லி இராப்போஜன அப்பத்தையும் ரசத்தையும் நிறுத்திவிடுவேன் என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. போன வருஷம்தான் ஞானஸ்நானம் பெற்றவள்.

மே 2

குழம்பில் உப்பு இல்லை. என் மனைவி ஆலிஸைக் கேட்டேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 4

ஆபீஸ் வாசலில் எங்கள் சபை அலெக்சாண்டர், அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். "ஆதாம் மவன் காயீனுக்குப் பொண்ணு எங்கேருந்து கெடச்சுதுன்னு எம் பொஞ்சாதி கேக்குறா ஐயா. நீங்கதான் புருஷன கேக்கச் சொன்னீங்களாம்." ஞாயிறுதோறும் ஜெபத்தில் தூங்குகிறவன் என்ன சொல்வான்? எல்லா வீட்டிலும் இதே கதையாம். நன்றாக வேண்டும் எனக்கு.

முத்தம்மாவின் புருஷன் அர்ச்சுனன் இந்து. அவள் யாரைக் கேட்பாள்? அதை நான் யோசிக்கவே இல்லையே.

மே 8, ஞாயிறு

அர்ச்சுனன் வந்தான்! தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றான். "எம் பொஞ்சாதி ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க ஐயா. நா ஆம்பளதான, பேசலாமில்ல?"

என்னத்தைச் சொல்ல? வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்துகிறவன் பேசலாம், ஞானஸ்நானம் பெற்றவள் பேசக்கூடாது — நான் போட்ட சட்டம்.

"வெளிய இருக்கவங்கள உள்ள கூப்பிடணுமாம்..." தலையைச் சொறிந்தான். "அப்புறம் என்னமோ சொன்னா, மறந்துபோச்சுங்க. இங்கதான இருக்கா, அவளையே கேளுங்களேன்."

யாரோ சிரித்தார்கள். நான் அவசரமாகப் பாட்டு எடுத்துக் கூட்டத்தை முடித்தேன். அவமானம்.

மே 11

ஆலிஸ் இன்று பேசினாள். "பொம்பள தீர்க்கதரிசனம் சொன்னா தலைய மூடிக்கிட்டுச் சொல்லணும்னு அதே பவுல்தானங்க எழுதியிருக்காரு? வாயத் தொறக்கவே கூடாதுன்னா தலைய எதுக்கு மூடணும்?"

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. அதே நிருபத்தில், மூன்று அதிகாரம் முன்னால். எத்தனை முறை வாசித்திருப்பேன்! நான் பயந்தது பவுலுக்கா, பாயில் உட்காருகிறவர்களுக்கா?

மே 15, ஞாயிறு

போதகர் வந்தார். இராப்போஜனத்துக்கு முன் முத்தம்மா பேச வேண்டும் என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சுருக்கமாகப் பேசட்டும்" என்றார்.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அவங்கள உள்ள கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நானும் வெளியதான் குந்தியிருக்கேன்னாரு கர்த்தரு" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாசலுக்குப் போய் அவர்களை அழைத்தேன். அவர்கள் உள்ளே வர, இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. அதில் ஒன்று என் தம்பி குடும்பம். முத்தம்மா இராப்போஜனம் எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு தம்பி வருவானா, நான் எதை வாசிப்பது, ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆலிஸைக் கேட்டேன்.